புதுவெளிக் கோபுரம்

சூடாமணி விகாரம் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று வெளியூர் நண்பர் ஒருவர் போன மாதம் நாகப்பட்டினம் வந்தார். வெளிப்பாளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். ஆனாலும் "இதுதான்" என்று கைகாட்ட எனக்கு ஒரு செங்கல்கூட அகப்படவில்லை.

ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பன் பெயரில் எழுப்பிய பௌத்தப் பள்ளி அது. முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடுத்தான். ஆண்டுக்கு 8,943 கலத்துக்கும் மேல் நெல். பிடியை நடக்கவிட்டு எல்லை வகுத்தார்கள் என்று அந்தக் கொடையைப் பதிந்த செப்பேடு சொல்கிறது. கொடுத்தவன் சைவன், கட்டியவன் கடலுக்கு அப்பாலிருந்த பௌத்தன், நெல் விளைவித்தது நம் உழவர்கள். இத்தனை பேர் சேர்ந்து காத்த ஒன்றை நாம் எப்படித் தொலைத்தோம்?

1867இல் பாதிரிமார்கள் கேட்டார்கள், சென்னை அரசு அனுமதித்தது, விகாரத்தில் எஞ்சியிருந்த கோபுரம் இடிந்தது என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்தோம். பொய்யில்லை. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே நாம் அதைக் கைவிட்டிருந்தோம். வெள்ளைக்கார அதிகாரி வால்டர் எலியட் 1846இல் பார்த்தபோது, சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கற்களால் ஆன மூன்று நிலைச் சதுரக் கோபுரம் நின்றிருந்தது. கடலில் வரும் கப்பலுக்கு அதுதான் அடையாளம். ஊருக்குள் அதன் பெயர் புதுவெளிக் கோபுரம். சீனக் கோயில் என்றும் சொன்னார்கள். கட்டியவன் பெயரும் கொடுத்தவன் பெயரும் நம் வாயிலிருந்து போய்விட்டன. யாரோ சீனாக்காரன் கட்டியதை யாரோ வெள்ளைக்காரன் இடித்தால் நமக்கென்ன என்று இருந்துவிட்டோம். இடிப்பதற்கு அதைவிட நல்ல அனுமதி வேறென்ன வேண்டும்?

அந்தப் பக்கத்து மண்ணிலும் நாணயக்காரத் தெருவிலும் ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றின் முன்னே நின்றிருக்கும் நாகைக்காரர்கள் எத்தனை பேர்? ஆனைமங்கலத்துச் செப்பேட்டை டச்சுக்காரர்கள் கொண்டுபோனார்கள். அது போய்ச் சேர்ந்த ஊரின் பெயரால் லெய்டன் செப்பேடு என்று நாமும் கூசாமல் சொல்கிறோம்.

டச்சுக்காரர்களின் கோட்டையும் அப்படித்தான் போயிற்று. 'ஐம்புலன்' என்று பொருள்படும் பெயர் வைத்து, 1690இல் சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக்கி, 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்த கோட்டை. அது அந்நியனுடையது என்றால் விகாரம் யாருடையது? இரண்டையும் ஒரே மாதிரிதான் மறந்திருக்கிறோம்.

மறுநாள் தரங்கம்பாடி போனோம். 1620இல் டேனியர் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை பழுது பார்க்கப்பட்டு நிமிர்ந்து நிற்கிறது. அந்த வேலையில் டென்மார்க்கிலிருந்து வந்த ஆர்வலர்கள் நம் தொல்லியல் துறைக்குக் கைகொடுத்தார்கள். 1845இல் விற்றுவிட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சுவர்மேல் அக்கறை இருந்திருக்கிறது. பக்கத்திலேயே 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் எழுப்பிய மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் தின்றது. அலை ஒவ்வொரு கல்லாக எடுத்துப்போன காலமெல்லாம் நாம் கரையில் நின்று காற்று வாங்கினோம்.

நான் 28 ஆண்டு இந்த வட்டாரத்தில் வரலாறு நடத்தினேன். சுற்றுலா என்றால் தஞ்சாவூர், மாமல்லபுரம். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்களும் அப்படித்தான். கடாரம் கொண்டதைக் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப்போட்ட நாங்கள், அந்தக் கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் நம் ஊரில் பள்ளி கட்டியதை ஒரு வரியில் தாண்டிப் போனோம்.

ஆனைமங்கலம் இன்றும் அதே பெயரோடு கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து வந்த பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். சேர்க்கைப் படிவத்தில் அவர்கள் ஊர்ப்பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன். ராஜராஜன் செப்பேட்டில் வெட்டியிருக்கும் பெயர் இது என்று ஒரு பிள்ளையிடமும் நான் சொன்னதில்லை.