எந்த வரியில அடி விழுந்துச்சுன்னு சொல்லாத டெஸ்ட் எதுக்கு சாமி?

பொட்டி தட்டுற மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காட்டமாவே எழுதப் போறேன். 400 உள்ளீட்டை ஒரு எக்செல் ஷீட்ல கொட்டி, ஒரே டெஸ்டுக்குள்ள லூப் விட்டு ஓட்டிட்டு, அதுக்கு 'டேட்டா டிரிவன் டெஸ்ட்'னு பேர் வைக்கிறாங்களே, அவங்களைத்தான் சொல்றேன்.

முதல் வரியிலயே அசர்ட் விழுந்தா லூப் அங்கேயே நின்னுடும். மிச்சம் 399 வரி ஓடவே இல்லை. ஆனா ரிப்போர்ட்ல '1 ஃபெயில்'னு வரும். ஒண்ணுதானேன்னு மேனேஜர் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவார்.

ஒரு உதாரணம். பிப்ரவரிக்கு எத்தனை நாள்னு சொல்ற ஃபங்ஷன். டெஸ்ட் சொல்லுது: 'எதிர்பார்த்தது 29, கிடைத்தது 28'. எந்த வருஷத்துக்கு? அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். பிரேக்பாயிண்ட் வெச்சு எஃப்5 தட்டித் தட்டி விரல் தேயணும். இல்லாட்டி ஷீட்ல பாதி வரியை அழிச்சு, மிச்சத்துல பாதியை அழிச்சுத் தேடணும். அழிச்சதைத் திருப்பிப் போடாம அப்படியே செக்-இன் பண்ணிட்டுப் போன புண்ணியவான்களை நான் வேலை பார்த்த இடத்துலயே பார்த்திருக்கேன். டெஸ்ட் பச்சை, பக் பத்திரம்!

அதே வரிக்கு '1900: நூற்றாண்டு, 400-ஆல் வகுபடாது'ன்னு ஒரு பேர் இருந்திருந்தா? பார்த்த உடனே புரிஞ்சிடும், 1900 லீப் வருஷமே இல்லை. கோட் சரி, டேட்டாதான் தப்பு. எக்செல் கணக்குல 1900 லீப் வருஷம். லோட்டஸ் 1-2-3 ஷீட்களோட ஒத்துப் போகணும்னு தெரிஞ்சே விட்டு வெச்ச தப்பு அது. விடையை எக்செல் ஃபார்முலா போட்டு எடுத்தவர் கதி அதோகதி.

கருவி இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. பைத்தான் 3.4-ல 2014-லயே சப்டெஸ்ட் வந்தாச்சு. லூப்புக்குள்ள ஒண்ணு விழுந்தாலும் மத்தது ஓடும், விழுந்தது எந்த உள்ளீடுன்னும் சொல்லும். கோ 1.7-ல 2016-ல வந்தது, ஜேயூனிட் 5-ல 2017-ல. பைடெஸ்ட்ல ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஐடி கொடுத்துட்டு '-கே 1900'னு தட்டினா, பேர்ல 1900 இருக்கிற கேஸ் மட்டும்தான் ஓடும். டீபக்கர் நேரா அங்க போய் நிக்கும்.

பழைய கோட், தொட முடியாதா? அசர்ட் மெசேஜ்ல உள்ளீட்டையாவது எழுதுங்க. பிரேக்பாயிண்டுக்கு 'வருஷம் 1900-ஆ இருந்தா மட்டும் நில்லு'ன்னு கண்டிஷன் போடுங்க.

லூப் போட்டா அஞ்சு நிமிஷம் மிச்சம்னு வாதாடுறவங்க இருக்காங்க. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு வட்டி கட்டுறது நீங்க இல்லை, ராத்திரி பதினொரு மணிக்கு உங்க டெஸ்டைத் திறந்து முழிக்கிற வேற யாரோ ஒருத்தர்.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க வாங்க, சண்டை போடலாம். வரும்போது விழுந்த வரியோட பேரைச் சொல்லிட்டு வாங்க.