வரவேற்பும் வரியும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மேனாட்டார் பலர், செலவு சுருக்கமென்று தாய்லாந்தில் குடியேறுகிறார்கள். ஐம்பது வயது நிரம்பியவருக்கு அந்நாட்டுச் சர்க்கார் தங்க அநுமதி அளிக்கிறது. அதை வருஷந்தோறும் புதுப்பிக்க, உள்ளூர்ப் பாங்கியில் 8,00,000 பாட் போட்டு வைக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். "பணத்தைக் கொண்டு வா" என்பதே இதன் தாத்பரியம்.

முன்னெல்லாம் அயல்நாட்டு வருமானத்தை அடுத்த வருஷம் கொண்டு வந்தால் வரியில்லை. 2024 ஜனவரி 1 முதல் அச்சலுகை போயிற்று. வருஷத்தில் 180 நாள் தங்குகிறவர், அத்தேதிக்குப் பின் ஈட்டியதை எப்போது கொண்டு வந்தாலும் வரிக் கணக்கில் சேரும். வலது கை வரவேற்கிறது; இடது கை மடியைத் தடவுகிறது!

இரட்டை வரி தவிர்க்கும் உடன்படிக்கைகள் சில பென்ஷன்களைக் காக்கும். வீட்டை விற்றுக் கப்பலேறுமுன் அவற்றைப் படித்துக்கொள்வது நலம். முதுமையில் திரும்பும் வழி சுலபமன்று.