விவாதத்தில் ஜெயித்தவர் தேர்தலில் தோற்பது ஏன்? டி.வி மேடையும் வாக்காளர் மனசும்

2024 செப்டம்பர் 10. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் இரவு 9 மணி; இந்திய நேரப்படி மறுநாள் காலை 6.30. ஏ.பி.சி தொலைக்காட்சி நடத்திய அதிபர் வேட்பாளர் விவாதத்தில் கமலா ஹாரிஸும் டொனால்டு டிரம்பும் முதன்முறையாக நேருக்கு நேர் நின்றார்கள். அரங்கில் பார்வையாளர்கள் கிடையாது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் மைக் ஆஃப். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி பேர் பார்த்தார்கள். ஹாரிஸின் தாத்தா ஊர் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம் என்பதால், தமிழ்நாட்டில் காலை காபியோடு லைவ் பார்த்தவர்களும் உண்டு.

விவாதம் முடிந்த கையோடு, அதைப் பார்த்த வாக்காளர்களிடம் சி.என்.என் கருத்து கேட்டது. ஹாரிஸ்தான் ஜெயித்தார் என்றவர்கள் 63 சதவிகிதம். டிரம்ப் என்றவர்கள் 37 சதவிகிதம். மறுநாள் தலைப்புச் செய்திகள், மீம்கள், ரீல்ஸ் எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்ந்தன.

எட்டே வாரம். நவம்பர் 5-ல் நடந்த தேர்தலில் டிரம்புக்கு 312 எலெக்டோரல் வாக்குகள், ஹாரிஸுக்கு 226. "அப்போ அந்த சர்வே பொய்யா?" என்று பலரும் கேட்டார்கள். பொய் இல்லை. அந்தக் கணிப்பு கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் வந்தது. கேள்விதான் தப்பு.

ஒரே சர்வே, இரண்டு பதில்கள்

அதே சி.என்.என் கணிப்பில் அதிகம் பேசப்படாத இரண்டு விஷயங்கள் இருந்தன. முதலாவது: விவாதத்தைப் பார்த்தவர்களில் 82 சதவிகிதம் பேர், 'யாருக்கு ஓட்டு என்ற என் முடிவை இது பாதிக்கவில்லை' என்றார்கள். 14 சதவிகிதம் பேர் கொஞ்சம் யோசிக்க வைத்தது, ஆனால் மனசு மாறவில்லை என்றார்கள். மனசை மாற்றிக்கொண்டவர்கள் 4 சதவிகிதம் மட்டுமே.

இரண்டாவது இன்னும் முக்கியம். பொருளாதாரத்தை யார் நன்றாகக் கையாள்வார் என்ற கேள்விக்கு, 55 சதவிகிதம் பேர் டிரம்ப் என்றார்கள். ஹாரிஸ் என்றவர்கள் 35 சதவிகிதம். அதாவது, 'இன்னிக்கு மேடையில நல்லா பேசினது இவங்க. ஆனா என் மளிகை பில்லை நம்பி ஒப்படைக்கறதுன்னா அவர்' என்று சொன்ன ஒரு கூட்டமே இருந்தது.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. நம்ம ஊர் பட்டிமன்றத்தை நினைத்துப் பார்த்தால் போதும். 'குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா' என்று இரண்டு அணிகள் வெளுத்து வாங்கும். சிரிக்க வைத்த பேச்சாளருக்குக் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். நடுவர் தீர்ப்பும் சொல்லிவிடுவார். ஆனால், அந்தத் தீர்ப்பைக் கேட்டு வீட்டுக்குப் போய் குடும்பத்தை நடத்தும் விதத்தை யாரும் மாற்றிக்கொள்வதில்லை. அமெரிக்க வாக்காளரும் அப்படித்தான். பேச்சுக்கு மார்க் போடுவது வேறு, ஓட்டுப் போடுவது வேறு.

2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவிகிதம் வரை போனது. பிறகு விகிதம் குறைந்தாலும், ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. முட்டை, வாடகை, கார் இன்ஷூரன்ஸ் என்று மாதாமாதம் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு, மேடையில் விழுந்த பஞ்ச் டயலாக் எவ்வளவு கூர்மையானது என்பது இரண்டாம்பட்சம்.

ஜெயித்துத் தோற்றவர்கள் பட்டியல்

ஹாரிஸ் இதில் முதல் ஆள் இல்லை. 1984-ல் முதல் விவாதத்தில் ரொனால்ட் ரீகனைத் தடுமாற வைத்தவர் வால்டர் மாண்டேல். தேர்தலில் 50 மாகாணங்களில் 49 ரீகனுக்கே போயின. 2004-ல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு எதிரான முதல் விவாதத்தில் ஜான் கெர்ரி ஜெயித்ததாகக் கணிப்புகள் சொன்னன, அதிபரானவர் புஷ். 2012-ல் டென்வர் விவாதத்தில் மிட் ரோம்னி ஜெயித்தார் என்று சி.என்.என் கணிப்பில் 67 சதவிகிதம் பேர் சொன்னார்கள். வெள்ளை மாளிகையில் தொடர்ந்தவர் பராக் ஒபாமா. 2016-ல் மூன்று விவாதங்களிலும் ஹிலாரி கிளிண்டன்தான் முந்தினார் என்றன சி.என்.என் கணிப்புகள். மக்கள் வாக்கில் 28 லட்சத்துக்கும் அதிகமாக முன்னிலை பெற்றும், எலெக்டோரல் காலேஜ் கணக்கில் அவர் தோற்றார்.

அதற்காக 'விவாதத்தில் ஜெயித்தால் தேர்தலில் தோல்வி' என்று தலைகீழ் ஜோசியம் சொல்லவும் முடியாது. 2008-ல் ஒபாமாவும் 2020-ல் ஜோ பைடனும் இரண்டிலும் ஜெயித்தார்கள். இரண்டுக்கும் நடுவே நேரடித் தொடர்பு இல்லை என்பதுதான் விஷயம். கரோலின் லெ பென்னெக், வின்சென்ட் போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 10 நாடுகளில் 62 தேர்தல்களையும் 56 டி.வி விவாதங்களையும் எடுத்து அலசினார்கள். வாக்காளர்கள் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவெடுப்பதில் விவாதங்களுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு தென்படவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

சரி, அப்படின்னா விவாதம் முடிந்ததும் வெளிப்படுகிற 'மக்கள் ரியாக்‌ஷன்' என்பது என்ன? அது எப்படி உருவாகிறது?

ரியாக்‌ஷன் தயாராகும் இடம்

இந்தக் கதையில் எல்லோரும் தொடங்குவது 1960 செப்டம்பர் 26-ல். சிகாகோ ஸ்டூடியோவில் ஜான் எஃப். கென்னடியும் ரிச்சர்ட் நிக்சனும் மோதிய முதல் டி.வி விவாதம். முழங்கால் தொற்றால் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்த நிக்சன் வெளிறிப்போய்த் தெரிந்தார். கென்னடி பளிச்சென்று இருந்தார். 'ரேடியோவில் கேட்டவர்களுக்கு நிக்சன், டி.வி-யில் பார்த்தவர்களுக்கு கென்னடி' என்ற கதை அன்றிலிருந்து பிரபலம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கணிப்பு பலவீனமானது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஆனால், ஜேம்ஸ் ட்ரக்மேன் 2003-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அதே விவாதத்தைச் சிலருக்குப் படத்தோடும் சிலருக்கு ஒலியாக மட்டும் கொடுத்தபோது, படத்தோடு பார்த்தவர்களிடையே கென்னடி ஜெயித்தார் என்று சொல்லும் போக்கு அதிகமாக இருந்தது. கதை எப்படியோ, கண்ணுக்குத் தெரிவது கருத்தை நகர்த்துகிறது.

கண் மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பும் நகர்த்தும். 1984 அக்டோபர் 21, கான்சாஸ் சிட்டி. 73 வயது ரீகனிடம் வயதைப் பற்றிக் கேள்வி வந்தது. 56 வயதான தன் எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் தான் அரசியலாக்கப் போவதில்லை என்று அவர் அடித்த ஜோக்கில் அரங்கமே சிரித்தது, மாண்டேலும் சிரித்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஜோக்கை அப்படியே விட்டுவிட்டு, அரங்கின் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். ரீகனுக்குக் கிடைத்த மதிப்பெண் இறங்கிப்போனது. ஜோக்கை ஜெயிக்க வைத்தது பாதி, கூட்டத்தின் சிரிப்பு.

இதைவிட முக்கியமான பாடம் 1976-ல் இருக்கிறது. அக்டோபர் 6-ம் தேதி விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லை என்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு சொல்லிவிட்டார். போலந்தில் சோவியத் படைகள் இருந்த காலம் அது. ஆனாலும், அன்று இரவே ஃபோர்டு தரப்பு எடுத்த கணிப்பில், ஃபோர்டுதான் முந்தினார் என்று சொன்னவர்களே அதிகம்! டி.வி-யும் பத்திரிகைகளும் அந்தத் தவறைத் திரும்பத் திரும்பச் சொல்ல, மறுநாள் இரவுக்குள் கணிப்பு அப்படியே கவிழ்ந்தது. ஜிம்மி கார்ட்டர் அபார வெற்றி என்றானது. விவாதத்தில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. மாறியது, அதைப் பற்றி மற்றவர்கள் பேசிய பேச்சு.

அந்த 24 மணி நேரம் இன்று 24 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. விவாதம் முடியும் முன்பே கிளிப்கள் வெட்டப்படுகின்றன. முடிந்ததும் 'ஸ்பின் ரூம்' என்ற அறையில் இரு கட்சிக்காரர்களும் 'நாங்கதான் ஜெயிச்சோம்' என்று கேமராக்களைத் துரத்துகிறார்கள். ஃபிலடெல்ஃபியாவில் டிரம்ப் தானே அந்த அறைக்கு வந்து நின்றார். முழு விவாதத்தைப் பார்க்காத ஒருவருக்கு, எது முக்கியம், எங்கே சிரிக்க வேண்டும் என்பதுவரை ரெடிமேடாகக் கைக்கு வந்துவிடுகிறது.

மீம் ஆன ஊர்

இது வெறும் வேடிக்கை இல்லை என்பதற்கும் அதே விவாதத்தில் சாட்சி இருக்கிறது. ஒஹையோ மாகாணத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறிகள் மக்களின் வளர்ப்பு நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்றார் டிரம்ப். அப்படி நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்று நகர நிர்வாகம் சொல்லியிருப்பதை நெறியாளர் அங்கேயே சுட்டிக்காட்டினார். உலகம் சிரித்தது. அந்த வரியை வைத்துப் பாட்டு ரீமிக்ஸ்கூட வந்தது. 'டிரம்ப் காலி' என்றார்கள்.

ஆனால், ஸ்பிரிங்ஃபீல்டில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த சில நாள்களில் அந்த ஊருக்கு 30-க்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. எல்லாமே புரளி. ஆனாலும், பள்ளிக்கூடங்களைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அங்கே வாழும் ஹைட்டி நாட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பவே பயந்தன. 'விவாதத்தில் யார் ஜெயித்தார்' என்ற ஸ்கோர் போர்டில் அந்தப் பொய் டிரம்புக்கு மைனஸ் பாயின்ட். கிளிப்பாகச் சுற்றியபோது அதே பொய் கோடிக்கணக்கான போன்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கேலிக்காகப் பகிர்ந்தவர்களும் அதைச் சுமந்து சென்றவர்கள்தான்.

அப்போ விவாதமே வேஸ்ட்டா?

இல்லை. அதற்கு 2024 ஜூன் 27 போதும். அட்லாண்டாவில் சி.என்.என் நடத்திய விவாதத்தில் 81 வயது ஜோ பைடன் வார்த்தைகளைத் தேடித் தடுமாறினார். ஒரு பதிலில் சிந்தனையே அறுந்து நின்றது. பார்த்தவர்களில் 67 சதவிகிதம் பேர் டிரம்ப் ஜெயித்தார் என்றார்கள். அப்போதும் மனசை மாற்றிக்கொண்டதாகச் சொன்ன வாக்காளர்கள் 5 சதவிகிதம்தான். ஆனால், 24 நாள்கள் கழித்து ஜூலை 21-ல் பைடன் போட்டியிலிருந்தே விலகினார்.

அவரை இறக்கியது வாக்குக் கணக்கு மட்டும் அல்ல. பைடனின் வயது பற்றி வாக்காளர்கள் நெடுநாளாகவே கவலையைச் சொல்லிவந்தார்கள். கட்சிப் பெரியவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. ஒன்றரை மணி நேர நேரலை, இனி காதைப் பொத்திக்கொள்ள முடியாத நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது. விவாதத்தின் உண்மையான பலம் இதுதான். புதிதாக ஒரு கருத்தை அது மனதில் நடுவது அபூர்வம்; ஏற்கெனவே இருக்கும் ஒரு சந்தேகத்தை ஊரறியச் செய்யும்போதுதான் அது நாற்காலியை ஆட்டுகிறது. எழுதிக் கொடுத்ததைப் படிக்கும் பிரசாரக் கூட்டத்தில் இது நடக்காது. அதனால்தான் விவாதம் வேண்டும்.

கேள்வியை மாற்ற வேண்டும்

விவாதத்தைப் பார்த்துக் கட்சி மாறாத வாக்காளரை 'எதையும் கேட்காத தொண்டர்' என்று ஒதுக்குவது எளிது. ஆனால், எண்கள் சொல்வது வேறு. நன்றாகப் பேசியவரை நன்றாகப் பேசினார் என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அவருக்கு இருக்கிறது. அதோடு தன் வாழ்க்கைக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளும் தெளிவும் இருக்கிறது. அந்தக் கணக்கு சரியா தவறா என்பது தனி வாதம். அவர் ஏமாளி இல்லை. இரண்டையும் ஒரே ஸ்கோராக்கித் தலைப்பு போடும் ஊடகங்கள்தான் ஏமாற்றுகின்றன. நவம்பரில் 'எதிர்பாராத முடிவு' என்று அதிர்ச்சியடைவதும் அவைதான்.

விவாதம் முடிந்ததும் கேட்க வேண்டியது, 'யார் ஜெயிச்சாங்க?' அல்ல. 'உங்களுக்கு முக்கியமான ஒரு பிரச்னைக்கு யாராவது பதில் சொன்னாங்களா? புதுசா என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க? எது பொய்யின்னு புரிஞ்சது?' இந்த மூன்றையும் கேட்டிருந்தால், 2024 செப்டம்பர் 11 காலையிலேயே ஹாரிஸ் தரப்புக்கு அபாய மணி கேட்டிருக்கும். மேடை அவர்களுடையதாக இருந்தது, மளிகைக் கடை இல்லை.

இந்தியாவிலும் 2024 மே மாதம், முன்னாள் நீதிபதிகள் மதன் லோகூர், ஏ.பி. ஷா, மூத்த பத்திரிகையாளர் என். ராம் ஆகியோர் நரேந்திர மோடியையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்துக் கடிதம் எழுதினார்கள். ராகுல் சம்மதம் சொன்னார், விவாதம் நடக்கவில்லை. என்றாவது ஒருநாள் அப்படியொரு மேடை இங்கே அமையலாம். அமைந்தால், அன்று இரவு ஒவ்வொரு போனிலும் வந்து விழப்போவது முப்பது விநாடி கிளிப்தான். அதை ஃபார்வர்டு செய்யும் முன், அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட முழுப் பதிலையும் ஒருமுறை கேட்டுவிடுவது வாக்காளர் தனக்குத் தானே செய்துகொள்ளும் மரியாதை.