தேய்வும் சிதைவும்

துப்பாக்கியைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ என்று அன்பர்களிற் சிலர் ஐயுறலாம். 1948-ஆம் ஆண்டில் தேசிய மாணவர் படை தோன்றிய நாள் முதல், நம் நாட்டு மாணாக்கர் பல்லாயிரவர் அக்கருவியைக் கையிலேந்திப் பயின்று வந்திருக்கின்றனர். களக்காட்டிலிருந்தும், தாமிரபரணிக் கரையிலுள்ள ஊர்களிலிருந்தும் பாளையங்கோட்டைக்குப் படிக்க வரும் இளைஞருள் அப்படையிற் சேர்வோர் பலர். அவருட் சிலர் பின்னர் இராணுவத்திலும் காவற்படையிலும் புகுகின்றனர். சிறப்புக் காவற்படையின் இருப்பிடமாகிய மணிமுத்தாறும் நம் மலையடிவாரத்திலேயே உளது. ஆதலின் இவ்விஷயம் நமக்குப் புறம்பானதன்று.

துப்பாக்கியைப் பிரிக்கவும் பூட்டவும் துடைக்கவும் குறி பார்க்கவும் நம் மாணாக்கருக்கு நன்கு கற்பிக்கின்றனர். அதனுள்ளே காணப்படும் அடையாளங்களைப் படிக்க மட்டும் கற்பிப்பாரில்லை. இன்ன தேய்வு இயற்கை, இன்னது கேட்டின் அறிகுறி என்று பகுத்தறியாதவன், நல்ல துப்பாக்கியைக் கண்டு அஞ்சுவான். தீய துப்பாக்கியை அஞ்சாது தோளிற் சார்த்துவான். இவ்விரண்டாவது பிழைக்கு விலையாவது சுடுகிறவனுடைய கண்.

1962-ஆம் ஆண்டின் சீனப் போரில் நம் வீரர் பெரும்பாலும் ஏந்திச் சென்றது .303 துப்பாக்கியே. ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் தாழை இழுத்துத் தள்ளவேண்டியது அது. அப்போருக்குப் பின்னர் வங்காளத்து இசாப்பூர்த் தொழிற்சாலையிற் செய்யப்பெற்று வழங்கியது, எஸ்.எல்.ஆர். எனப்படும் தானே குண்டேற்றிக்கொள்ளும் துப்பாக்கி. இன்சாஸ் வந்த பின்னர் இராணுவத்தில் அதன் வழக்குக் குறைந்தது. எனினும் காவற்றுறையிலும் மாணவர் பயிற்சியிலும் அது நெடுநாள் நிலைபெற்றது.

.303-இல் தாழை இயக்குவது மனிதன் கை. எங்கேனும் தடைப்பட்டால் கை அதனை உடனே உணரும். எஸ்.எல்.ஆரிலோ அவ்வேலையை வெடிவாயு செய்கிறது. குழலின் மேற்புறத்துச் சிறு துளை வழியாக வாயுவின் ஒரு பகுதி ஏறி ஒரு பிஸ்டனைப் பின்னே தள்ளும். பிஸ்டன் கேரியரை மோதும். கேரியர் சிறிது தூரம் தனியே ஓடியபின், தாழ்க்கட்டையின் பின்புறத்தை மேலே தூக்கிப் பூட்டை விடுவிக்கும். கட்டை பின்னோடி வெற்றுக் கூட்டை வெளியே எறியும். சுருள்வில்லால் முன்னே வந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு, தன் பின்விளிம்பை எஃகுத் தடையொன்றன்முன் தாழ்த்திப் பூட்டிக்கொள்ளும். இமைப்பொழுதில் இத்தனையும் நிகழ்வதால், எஃகின்மேல் எஃகு உராயாமலும் மோதாமலும் இருத்தல் இயலாது. முதல்நாள் சுட்டுத் திரும்பிய புதுத் துப்பாக்கியிலும் தேய்வின் சுவடு காணப்படும்.

மாட்டுவண்டிகள் மிகுந்திருந்த முன்னாளில், களக்காட்டில் வாழைத்தார் ஏற்றிய வண்டிக்காரர்கள் இவ்வுண்மையை எந்நூலையும் படியாமலே அறிந்திருந்தனர். சக்கரத்தைக் கழற்றியவுடன் இருசைத்தான் பார்ப்பர். அது சுற்றிலும் ஒரே சீராக மின்னினால், மை தடவித் திரும்ப மாட்டிவிடுவர். ஒரு புறம் மட்டும் பள்ளம் விழுந்திருந்தாலோ இருசைக் குறை கூறமாட்டார். குடத்தையும் கடையாணியையும் பார முறையையும் ஆராய்வர். மின்னுவதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, உலோகம் இடம்பெயர்ந்திருந்தால்தான் கேடு என்பது அவர்கள் துணிபு. துப்பாக்கிக்கும் அதுவே அளவை என்பது என் கருத்து.

கேரியரின் ஓரங்களிற் கருப்பூச்சு நீங்கி வெள்ளெஃகு தோன்றுதல், சுத்தியின் முகம் பளபளத்தல், கூடு வெளியேறும் வாயிலிற் பித்தளைத் தடம் படிதல், பிஸ்டன் தலையிற் கரி பற்றுதல் ஆகிய இவையெல்லாம் இயற்கையே. எஃகுத் தடையின் முகத்தில் இடமும் வலமும் ஒத்த ஒளிக்கோடு ஒன்று காணப்பட்டால், அது மகிழத்தக்கதுங்கூட. கட்டை முழு அகலத்தும் செம்மையாகப் பொருந்துகிறது என்பதற்கு அதுவே சான்று. அக்கோடு ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பின், சுமை முழுவதையும் ஒரு மூலை தாங்குகிறதென்று அறிக. கட்டையின் பின்விளிம்பு மழுங்கி உலோகம் உதடுபோல் மடிந்திருத்தல், பிஸ்டன் தண்டு ஒருபுறம் மட்டும் உராய்ந்து வெளுத்திருத்தல், கூட்டைக் கவ்வும் கொக்கி அமரும் பள்ளத்தின் மூலையில் மயிரிழை போன்ற கோடு விழுதல் ஆகியன கண்டால் அத்துப்பாக்கியை ஒதுக்கி வைத்தல் வேண்டும். அம்மயிரிழையை வெறுங்கண்ணாற் காண்டல் அரிது. இருப்புப்பாதைத் தொழிற்சாலைகளில் வண்டி அச்சுக்களைச் சோதித்த பழைய முறை ஒன்றுண்டு. உறுப்பை எண்ணெயில் ஊறவைத்து, நன்றாய்த் துடைத்துச் சுண்ணப்பொடி தூவினால், பிளவில் ஒளிந்த எண்ணெய் கசிந்து பொடியிற் கோடு வரையும்.

கண்ணுக்கு எட்டாத தேய்வும் ஒன்றுண்டு. தடையும் கட்டையும் சிறிது சிறிதாகத் தேயுங்கால், தோட்டாவின் பின்னே இடைவெளி வளர்கிறது. அதனை அளப்பதற்கு இரு அளவுக்கட்டைகள் உள. ஒன்றன்மேல் தாழ் மூடவேண்டும், மற்றொன்றன்மேல் மூடலாகாது. இரண்டாவதன்மேலும் மூடிவிட்டால், சுடும்போது பித்தளைக் கூடு அடியருகே இழுபட்டு மெலியும். ஒரு நாள் அறுந்து, கொதிவாயு சுடுகிறவன் முகத்துக்கு நேரே திரும்பும். எறியப்பட்ட கூடுகளைப் பொறுக்கிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய பளபளப்பு வளையம் முன்கூட்டியே தெரியும். நம் மாணாக்கர் கூடுகளைக் கணக்குக்காக எண்ணுகின்றனர். அவற்றைத் திருப்பிப் பார்க்கவும் கற்றால் நலம்.

தேய்வின் காரணத்தை ஆராயாமல் அடக்கிவிடுதல் மற்றொரு தீமை. எஸ்.எல்.ஆரில் வாயுவைக் கூட்டவும் குறைக்கவும் ரெகுலேட்டர் ஒன்று உண்டு. கரி அடைத்துத் துப்பாக்கி தயங்கினால், கரியை நீக்குவதே முறை. அதை விட்டு வாயுவைக் கூட்டிவிட்டால் துப்பாக்கி ஓடும். ஆனால் கேரியர் வேண்டியதினும் வேகமாய்ப் பின்னே சென்று மோதும். சில நாளிற் காணும் நசுங்கலுக்கு எஃகைப் பழிப்பர். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நோயாளியை வெயிலில் ஓடவிடுவது போன்றது இது.

இனி, நான் மிகவும் வருந்துவது மெருகைப் பற்றி. பரிசோதனை நாளில் மின்னும் துப்பாக்கிக்குப் புகழும், மங்கிய துப்பாக்கிக்கு வசையும் கிடைக்கும் வழக்கம் உள்ளவரையில், உப்புத்தாளுக்கும் செங்கற்பொடிக்கும் வேலையிருக்கும். நம் பெண்டிர் பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோற் கேரியரைத் துலக்கினால், துருவைத் தடுக்கும் பூச்சு போகும், அளவும் போகும், முன்னிருந்த அடையாளங்கள் அழிந்து, படிக்க வேண்டிய ஏடே வெள்ளையாகிவிடும். நம் மலையடிவாரத்தின் மழைக்கும் பனிக்கும் அப்படி உரிக்கப்பட்ட எஃகு எத்தனை நாள் தாங்கும்? பழைய .303 துப்பாக்கிகளிலே குழல்வாய் கெட்டது குண்டினால் மட்டுமன்று; மண்ணொட்டிய துப்புரவுக் கயிற்றைக் கோணலாய் இழுத்து இழுத்து வாயருகே பள்ளம் அறுத்தவையும் உண்டு. அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட ஆலை செய்த கார்டைட் மருந்தின் வெப்பம் குழலின் பின்புறத்தை அரித்தது; கயிறு முன்புறத்தை அரித்தது. முன்னது போரின் தேய்வு. பின்னதை என்னென்பது!

‘ஐயம் தோன்றினால் உறுப்பை மாற்றிவிடலாமே’ என்பார்க்கு ஒரு சொல். உடன் தேய்ந்து பழகிய இரு உறுப்புக்களில் ஒன்றை நீக்கிப் புதியது வைத்தால், தேய்வு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். எஃகுத் தடையோ பல அளவுகளிற் கிடைப்பது. அளந்து தேர்ந்து பொருத்தவேண்டியது. அது ஆர்மரரின் வேலை. அரம் எடுத்த மாணாக்கனுடையதன்று. ‘சுடுகிறதே, போதாதா?’ என்பார்க்கோ, அறுந்த கூடுதான் விடை சொல்லவேண்டும்.

பொருந்தும் உறுப்புக்கள் தொடக்கத்தில் விரைந்து தேய்ந்து, பின்னர் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படியே நிற்பதே இயல்பு. 10,000 வேட்டுக் கண்ட துப்பாக்கியில் மன்னிக்கத்தக்க சுவடு, 200 வேட்டுக் கண்டதில் மன்னிக்கத்தகாதது. ஆகவே எண்ணிக்கை தெரியாமல் தீர்ப்புக் கூறுதல் இயலாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, சுட்ட தொகையையும், மாற்றிய உறுப்பையும், கண்ட சுவட்டின் இடத்தையும் சிறு படத்தோடு மாணாக்கரே எழுதிவரச் செய்யலாம். போன ஆண்டுக் கோடு இவ்வாண்டு நீண்டிருக்கிறதா என்பதை அவ்வேடு கூறும், வேறெதுவும் கூறாது.

இத்துறையில் அமர்ந்துள்ள நம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கழித்தொதுக்கிய உறுப்புக்கள் சிலவற்றை, உரிய அனுமதி பெற்றுப் பயிற்சிக்கெனக் கொண்டுவந்து காட்டலாகாதா? ஒருபக்கம் தேய்ந்த தடை, உதடு மடிந்த கட்டை, வளைந்த பிஸ்டன், வளையம் விழுந்த கூடு ஆகிய நான்கும், நலமே தேய்ந்த நான்கோடு அருகருகே ஒரு பெட்டியில் இருந்தால், ஒரு மாலைப்பொழுதில் மாணாக்கன் விரலே வேற்றுமையைக் கற்றுக்கொள்ளும்.