அவன் எங்கே போனான்?

சேலம் நகரின் வடபால், சேர்வராயன் மலையைக் கண்ணெதிரே கொண்டது கொண்டப்பநாயக்கன்பட்டி. மலைக்காற்று இறங்கி வரும் மாலையில், அவ்வூரில் நமது படிப்பகத்தின் ஆண்டு விழா. சொற்பொழிவுகள் முடிந்தபின் நான் எழுதிய நாடகம்.

கதை நீங்கள் அறியாததன்று. ஏழை வீட்டுப் பெண் ஒருத்தி. இனிக்க இனிக்கப் பேசும் இளைஞன் ஒருவன். "நீயே என் வாழ்க்கைத் துணைவி" என்கிறான் அவன். நம்புகிறாள். நெருங்குகிறார்கள். நாட்கள் நகர்கின்றன, அவனும் நகர்ந்துவிடுகிறான். பழி முழுவதும் பாவையின் தலையில்! இறுதிக் காட்சியில், கிணற்றடியில் நின்று, கல்லும் கரையும்படி நான்கு பக்க வசனம் பேசிவிட்டு அவள் வீழ்கிறாள். திரையும் வீழ்கிறது. கைதட்டல் வானைத் தொடுகிறது.

அந்த ஒலியைச் செவியிலே தேக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என் கையைப் பற்றினார். பாராட்டப் போகிறார் என்றெண்ணிக் குனிந்தேன்.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ள எதுக்குக் கெணத்துல உளுகணும்? அந்தப் பையன் எங்க போனான்?" என்று கேட்டார்.

விடையின்றி நின்றேன். எழுதியவன் நான், எனக்கே தெரியவில்லை அவன் எங்கே போனான் என்று! மூன்றாம் காட்சியோடு அவனை மேடையை விட்டு அனுப்பிவிட்டேன். அதன் பிறகு அவனைத் தேட வேண்டும் என்ற எண்ணம்கூட எனக்கு எழவில்லை. பகுத்தறிவு பேசுகிற நாவுக்குச் சொந்தக்காரன் எழுதிய நாடகத்திலேயே, தண்டனை அவளுக்கு, தப்பித்தல் அவனுக்கு!

அன்றிரவு படிப்பகத்திலே இளந்தோழர்கள் சூழ்ந்துகொண்டனர். மூதாட்டியின் கேள்வி அங்கும் வந்து அமர்ந்துகொண்டது. வாதம் மூண்டது.

"காலம் மாறிவிட்டது, அண்ணே! கைபேசியிலே பழகுகிறார்கள், கண்ணெதிரே சந்திக்கிறார்கள். இருவருக்கும் விருப்பமென்றால் இணைவதும், விருப்பம் தீர்ந்தால் பிரிவதும் அவரவர் உரிமை. திருமணம் வரை காத்திருக்க வேண்டும் என்பது பழைய பஞ்சாங்கம்" என்றான் ஒருவன்.

"அது தமிழ்ப் பண்பாடா? மணமாலை சூடும்வரை காத்திருப்பதே கற்பு. அதை இழந்தபின் எஞ்சுவதென்ன?" என்றான் மற்றவன்.

இருவரும் என் முகத்தை நோக்கினர். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு வந்தவன் நான்; பட்டம் பெற்ற பேராசிரியனைப் போல் தீர்ப்பளிக்கத் தெரியாது. ஆயினும், அன்றிரவு அவர்களிடம் பேசியதையும், அதன்பின் என்னை நானே கேட்டுக்கொண்டதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், தமிழ்ப் பண்பாட்டைத் துணைக்கழைத்த தோழனுக்கு:

தம்பி! தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தைப் புரட்டிப் பார். களவியல் என்றோர் இயல். அதன்பின் கற்பியல் என்றோர் இயல். ஊரறியா உறவுக்கும் இலக்கணம் வகுத்துவிட்டுத்தான், ஊரறிந்த வாழ்வுக்கு இலக்கணம் வகுக்கிறார் தொல்காப்பியர். மணத்துக்கு முன் மனம் கலந்தவர்களைக் கல்லால் அடிக்கச் சொல்லவில்லை அவர். அது மட்டுமா? மணச் சடங்கு ஏன் பிறந்தது என்பதற்கும் கற்பியலில் காரணம் காட்டுகிறார். காதலரிடையே பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகே, பெரியோர் சடங்கை வகுத்தார்களாம்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பெண்ணின் உடலைக் காவல் காக்கப் பிறந்ததன்று திருமணம். "உன்னை நான் அறியேன்" என்று நாளை கைவிரிக்கக் கூடியவனின் சொல்லுக்குச் சாட்சி வைக்கப் பிறந்தது. காவல் போடப்பட்டது பொய்யனுக்கு. ஆனால் நாம் செய்ததென்ன? பொய்யனை வெளியே உலவவிட்டு, ஏமாந்தவளைக் காவலில் வைத்தோம்!

இந்தத் தலைகீழ் நியாயத்தை நிமிர்த்தி நிறுத்தத்தான் சுயமரியாதை இயக்கம் தோன்றியது. கற்பு என்றால் இருவருக்கும் கற்பு. ஒருவரை மட்டும் கட்டுகிற கயிற்றுக்குக் கற்பென்று பெயரில்லை என்பதே பெரியாரின் வாதம். 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. எத்தனை குடும்பங்கள் தலைகுனிந்திருக்கும்! 1967இல் அண்ணாவின் அரசு சட்டம் இயற்றி, இனி நடப்பவை மட்டுமல்ல, முன்னே நடந்த மணங்களும் செல்லும் என்றாக்கியது.

அந்தச் சட்டம் கேட்பதென்ன? புரோகிதரா? தீயா? இல்லை. உற்றாரோ நண்பரோ பிறரோ அருகிருக்க, தமக்குப் புரிந்த மொழியில், "இவரை என் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன்" என்று இருவரும் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும். மோதிரம் அணிவித்தாலும் போதும். தாலி கட்டினாலும் தடையில்லை. ஆக, மந்திரத்தை நீக்கி, மனிதரின் சொல்லை அந்த இடத்தில் அமர்த்தியவர்கள் நாம். சொல்லையே திருமணமாக்கிய இயக்கத்தில் பிறந்தவன், சொல்லைச் சோளப்பொரியாக ஊதிவிடலாமா? மற்றவன் பொய் சொன்னால் அது பொய். நம்மவன் பொய் சொன்னால், நாம் கட்டிய வீட்டின் கடைக்காலையே பெயர்த்தெடுக்கிறான்.

இனி, பண்பாட்டின் பெயரால் கல்லெடுப்பவர்களைப் பார்ப்போம். 2005 செப்டம்பரில் நடிகை குஷ்பு ஒரு தமிழ் இதழில் கருத்துரைத்தார். மணமகள் கன்னியாகவே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து சமூகம் விடுபட வேண்டும், மணத்துக்கு முன் உறவு கொள்வோர் கருவும் நோயும் நேராமல் காத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஏற்கலாம், மறுக்கலாம், மறுப்பவர் எழுதலாம், பேசலாம். நடந்ததென்ன? செருப்பும் துடைப்பமும் ஏந்திய ஊர்வலங்கள்! அவர்மீது இருபதுக்கும் மேற்பட்ட குற்றப் புகார்கள்! அந்த நவம்பரில், நமது சேலம் மாவட்டத்து மேட்டூர் நீதிமன்றத்துக்கு அவர் வந்தபோது, தக்காளியும் அழுகிய முட்டையும் பறந்தன. 2010 ஏப்ரல் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தனை வழக்குகளையும் தள்ளுபடி செய்தது. வயது வந்த இருவர் மனமொப்பிக் கூடுவது சமூகத்தின் ஒரு பகுதியினருக்கு ஒழுக்கக்கேடாகத் தோன்றலாம். அதனாலேயே அது குற்றமாகிவிடாது என்பது தீர்ப்பின் கருத்து.

முட்டை வீசிய கைகளைக் கேட்கிறேன். பெண்ணை ஏமாற்றிவிட்டு ஊர் நடுவே உலவுகிறானே ஒருவன், அவன்மீது என்றைக்காவது ஒரு தக்காளி பறந்ததுண்டா? அவன் வீட்டு வாசலில் என்றைக்காவது ஒரு துடைப்பம் நிமிர்ந்ததுண்டா?

"காத்திரு" என்கிறார்கள். நல்லது. காத்திருந்தவனுக்குக் கிடைத்ததென்ன என்று திருச்செங்கோட்டைக் கேளுங்கள். 2015 ஜூன் 23ஆம் நாள், ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி, மலைமீதுள்ள அர்த்தநாரீசுவரர் கோயிலில் தன்னோடு படித்த தோழியுடன் பேசிக்கொண்டிருந்தார். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்; அந்தப் பெண் வேறு சாதி. அங்கிருந்தே அவரைக் கடத்தினர். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரைத் தனி நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தலைமைக் குற்றவாளியின் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

பாதி ஆண், பாதி பெண் என்று ஆண்டவனையே வடித்து வைத்திருக்கும் மலை அது! அந்த மலையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நின்று பேச முடியவில்லை. தோழர்களே, இதுதான் நமது நாட்டின் நிலை. திருட்டுத்தனமாகச் சந்தித்துப் பிரிந்தால், தெரிந்தும் தெரியாததுபோல் கண்ணை மூடிக்கொள்ளும் ஊர். "இவளோடு வாழப் போகிறேன்" என்று வெளிச்சத்தில் வந்து நின்றால், அரிவாளைத் தீட்டும் அதே ஊர். உறுதியான உறவுக்கு மரணம்; ஓடி மறையும் உறவுக்கு மௌனம்! முன்வாசலை மூடிவிட்டுப் பின்வாசலில் ஏன் ஆள் நடமாட்டம் என்று கேட்பவனுக்குப் பண்பாட்டைப் பற்றிப் பேச அருகதை உண்டா? திருமணத்தைப் பலரறிய நடத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சுயமரியாதைத் திருமண வழக்கொன்றில் சொல்ல நேர்ந்ததும், வீட்டின் எதிர்ப்புக்கு அஞ்சி நடுங்கும் இணையர்கள் நாட்டில் இருப்பதால்தானே?

இனி, உரிமை பேசிய முதல் தோழனுக்கு:

தம்பி! நீ சொன்ன உரிமையை நான் மறுக்கவில்லை. வயது வந்த இருவர், ஒருவரையொருவர் ஏமாற்றாமல், இது இவ்வளவுதான் என்று இருவருமே அறிந்து கூடுவார்களானால், அவர்களைத் தண்டிக்கச் சட்டத்துக்கு இடமில்லை. கல்லெறிய நமக்கும் உரிமையில்லை. ஆனால் உன்னைச் சில கேள்விகள் கேட்கிறேன். எனக்கு விடை சொல்ல வேண்டாம், உன் நெஞ்சுக்குச் சொல்.

"விருப்பம் தீர்ந்தால் பிரிவோம்" என்றாயே, அந்த நிபந்தனை அவளுக்குத் தெரியுமா? அல்லது அவள் காதில் "கல்யாணம்" என்ற சொல்லைப் போட்டுவிட்டு, நீ மட்டும் அதைப் பொழுதுபோக்கு என்று எண்ணிக்கொண்டாயா? கரு உண்டானால் மருத்துவமனை வரிசையில் அவளோடு நிற்பவன் நீயா? ஊர் தூற்றினால், "அதில் எனக்கும் பங்குண்டு" என்று தேநீர்க்கடையில் எழுந்து நின்று சொல்வாயா? நாளை உனக்குப் பெண் பார்க்கும்போது, "பழக்கம் ஏதுமில்லாத பெண்ணாக இருக்கட்டும்" என்று தரகரிடம் உன் வீட்டார் சொன்னால், அதைத் தடுப்பாயா? தடுக்க மாட்டாய் என்றால், நீ பேசியது உரிமையன்று, சலுகை. பழைய ஜமீன்தார் அனுபவித்த சலுகைக்குப் புதிய பெயர் சூட்டியிருக்கிறாய், அவ்வளவுதான்!

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குறுதி தந்து உறவு கொள்வதைக் குற்றமாக்குகிறது. பத்தாண்டு வரை சிறை. பொய் புகுந்ததால் சடங்கு வந்தது என்றார் தொல்காப்பியர். அந்தப் பொய் இன்னும் போகவில்லை என்பதற்கு இந்தச் சட்டமே சாட்சி.

அப்படியானால் என் கருத்துதான் என்ன? ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன். காத்திருப்பது நன்று. காத்திராவிட்டால் பெண் கெட்டுவிடுவாள் என்பதற்காக அன்று. மனிதப் பெண் மண்பானையல்லள், தொட்டால் தீட்டுப்பட. ஒருவரை ஒருவர் அறிவதற்கு நாள் வேண்டும். கோபத்தில் எப்படி, நோயில் எப்படி, வறுமையில் எப்படி என்று பார்த்த பின்னரே ஒருவர் சொல்லின் எடை மற்றவருக்குத் தெரியும் என்பதற்காக நன்று. ஆனால் அந்தக் காத்திருத்தல் இருவருடையதாக இருக்கட்டும். இருவரும் விரும்பியதாக இருக்கட்டும். அவள் மட்டும் காத்திருப்பது காத்திருத்தல் அன்று, சிறையிருத்தல். காத்திராத ஒருத்தியைக் கண்டால், அவள் வாழ்வு முடிந்துவிட்டதென்று எவனும் மூக்கில் விரல் வைக்க வேண்டாம். அவள் வாழ்வு அவளுடையது, அது தொடரும்.

கொண்டப்பநாயக்கன்பட்டித் தோழர்கள் கேட்டுக்கொண்டதால், நாடகத்தை மாற்றி எழுதினேன். கிணற்றை நீக்கிவிட்டேன். கடைசிக் காட்சியில் அவள் ஊர்ச் சாவடிக்கு நடக்கிறாள், பெரியவர்கள் நடுவே நின்று, "அவன் எங்கே?" என்று கேட்கிறாள். வசனம் அவ்வளவே. அவனை மேடைக்கு இழுத்து வருகிறார்கள். அவன் தலை குனிகிறான். அவள் நிமிர்ந்து நிற்கிறாள். "இவன் எனக்கு வேண்டாம், இவன் பொய்யன் என்று ஊர் அறிந்தால் போதும்" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போகிறாள்.

அதே ஊரில் மீண்டும் அரங்கேற்றினோம். இம்முறை கைதட்டல் குறைவு. மூதாட்டி அதே முன்வரிசையில்தான் இருந்தார். நானே போய் அருகில் அமர்ந்து, "சரியாகிவிட்டதா, பாட்டி?" என்றேன்.

"செரிதாங் கண்ணு. நாளைக்கு அந்தப் புள்ள சோத்துக்கு என்ன பண்ணுவா?" என்றார்.

1929இல் செங்கற்பட்டில் தீர்மானித்த சொத்துரிமை, தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டுகள் பிடித்தது. சட்டம் வந்த பிறகும் அந்தப் பாட்டியின் கேள்வி அப்படியே நிற்கிறது. வேலையும் கூலியும் தங்க ஓரிடமும் இல்லாதவளுக்கு, காத்திருக்கும் உரிமையும் இல்லை. வேண்டாமென்று சொல்லும் உரிமையும் இல்லை. இதற்கு நாடகத்தில் விடை எழுத என்னால் முடியாது. உங்கள் ஊரில் அப்படியொரு பெண் இருந்தால், அவளுக்குப் பழி வராமல் காக்கவும், பிழைக்க வழி தேடவும் நீங்கள்தாம் முன்னிற்க வேண்டும்.

"அவன் எங்கே போனான்?" என்று யாரேனும் கேட்டால், அவன் நம் படிப்பகத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்ற விடை மட்டும் வரக்கூடாது, தோழர்களே!