அடைப்பு நீங்கிய பிறகும் தொடரும் நோய்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர், இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்திய ஓராண்டில் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். 'அடைப்பைத்தான் எடுத்துவிட்டார்களே' என்பது அவர் கூறிய காரணம். படித்தவர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். தமனியைக் குழாயாகவும் நோயை அதில் படிந்த கசடாகவும் பார்க்கும் பார்வை அது. அறிவியல் கூறுவது வேறு.

தமனிச் சுவருக்குள் கொலஸ்ட்ரால் புகும்போது, அதை விழுங்க மாக்ரோபேஜ் என்னும் பாதுகாப்புச் செல்கள் வருகின்றன. அளவுக்கு மீறி விழுங்கியவை அங்கேயே மடிகின்றன. செல்கள் மடிவது இயல்பு. நம் உடலில் நாள்தோறும் கோடானுகோடி செல்கள் மடிகின்றன, அருகிலுள்ளவை அவற்றைச் சந்தடியின்றி விழுங்கி அகற்றிவிடுகின்றன. முற்றிய கொழுப்புப் படிவில் இந்தத் துப்புரவு தடைபடுகிறது. அகற்றப்படாத செல்கள் சிதைந்து, அழற்சியைத் தூண்டி, கூழ்போன்ற மையமாகத் திரள்கின்றன. மேலுறை மெலிந்து ஒருநாள் கிழிய, அங்கே ரத்தம் உறைந்து மாரடைப்பு நேர்கிறது. பாதை பெரிதாகக் குறுகாத இடத்திலும் இது நிகழலாம்.

2019-இல் அத்திவரதர் 48 நாள்கள் காட்சியளித்தபோது இந்நகருக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தனர். வந்த கூட்டத்தால் அல்ல, தூய்மைப் பணியாளர்கள் ஓரிரு நாள் வராதிருந்தால்தான் ஊர் நோயில் விழுந்திருக்கும். தமனியிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது.

துப்புரவு ஏன் தடைபடுகிறது? நலமான செல்கள் 'என்னை உண்ணாதே' என்று உணர்த்தும் சிடி47 என்ற புரதத்தைத் தாங்கியுள்ளன. மடியும் செல் அதை இழக்க வேண்டும். கொழுப்புப் படிவில் அது மிகுந்தே காணப்படுகிறது என்றும், அதைத் தடுத்தால் எலிகளில் நோய் குறைகிறது என்றும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் லீப்பர் குழுவினர் 2016-இல் 'நேச்சர்' இதழில் காட்டினர். புற்றுநோய்ச் செல்கள் தப்பிக்கக் கையாளும் உத்தியும் இதுவே. ஆனால், இத்தடுப்பு மருந்துகள் சிவப்பணுக்களையும் அகற்றச் செய்து ரத்தசோகையை உண்டாக்குகின்றன. இவ்வகையைச் சேர்ந்த மேக்ரோலிமாப் மருந்தின் ரத்தப் புற்றுநோய்ச் சோதனைகள் பலனின்றி 2024-இல் கைவிடப்பட்டன. எனவே, இப்பாதையில் இதய நோயாளிக்கு மருந்து கிட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். 'அடைப்பைக் கரைக்கும்' விளம்பரங்களுக்கு அத்தகைய தயக்கம் ஏதுமில்லை!

இன்று கையில் இருப்பது ஸ்டேட்டின் மாத்திரை. கொலஸ்ட்ராலைக் குறைத்து, தமனியில் மடியும் செல்களின் சுமையையே அது குறைக்கிறது. படிவின் மேலுறையும் உறுதிப்படுகிறது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றோடு இதையும் வழங்கும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தொடங்கியது. அது அவசரகால உதவி. முன்னதாக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் முதன்மையாகக் கொண்டது. அதில் கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கும், ஸ்டென்ட் பொருத்தியவர்கள் மாத்திரையைத் தொடர்கிறார்களா என்ற விசாரிப்புக்கும் அதே இடம் வேண்டும் என்பது என் கருத்து. உட்கொண்டால் உடலில் எந்த மாற்றமும் தெரியாத மாத்திரையைத்தான் கூலி குறையும் மாதத்தில் ஒரு நெசவாளர் முதலில் விட்டுவிடுவார்.

பிள்ளையார்பாளையத்து நண்பரிடம், ஸ்டென்ட் காப்பது தமனியில் ஒரு விரற்கடை அளவை மட்டுமே என்று கூறினேன். தறிக்குழியிலிருந்து எழாமலே, 'மிச்சத்துக்கு?' என்று கேட்டார்.