மருந்து ஓரிடம், மரணம் ஓரிடம்

ஆர்.எஸ்.வி. என்ற வைரஸின் பெயரை நம்மில் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அது எட்டிப் பாராத வீடு அபூர்வம். பெரியவர்களுக்கு ஜலதோஷமாக வந்து நாலைந்து நாளில் போய்விடும் அக்கிருமி, கைக்குழந்தையின் மெல்லிய மூச்சுக் குழல்களில் இறங்கிவிட்டால் அவை வீங்கிச் சளியால் அடைபடுகின்றன. சிசு பால் குடிக்கவும் மாட்டாமல் மூச்சுத் திணறுகிறது. 2019-ம் வருஷத்தில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 1,00,000 பேர் இதற்கு இரையானதாக நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆறு மாதம்கூட நிரம்பாதவர்கள். நூற்றுக்கு 97 மரணங்கள் ஏழைத் தேசங்களிலும் நடுத்தர வருமானமுள்ள தேசங்களிலும் நேர்ந்தவை. கடைசியாகச் சொன்ன எண்ணை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இதற்குப் பரிகாரம் இல்லையா? இருக்கிறது. நிர்செவிமாப் என்னும் ஊசி மருந்தை 2022-ல் ஐரோப்பிய யூனியனும் 2023-ல் அமெரிக்காவும் அங்கீகரித்தன. தடுப்பூசி என்பது உடலுக்குப் போர்ப்பயிற்சி அளிப்பது. இம்மருந்தோ பயிற்சி பெற்ற சேனையையே உள்ளே அனுப்புவது. கிருமியைப் பற்றிக்கொண்டு, அது உடலின் அணுக்களுக்குள் புகாதபடி தடுக்கும் ‘எதிர்ப்பான்’ என்ற புரதத்தைத் தொழிற்சாலையில் உற்பத்தி செய்து, குழந்தையின் துடையில் ஒரே தடவை செலுத்துகிறார்கள். சுமார் ஐந்து மாத காலம், அதாவது நோய் பரவும் பருவம் முழுவதும், அது காவல் நிற்கிறது. 1998-ல் வந்த பாலிவிசுமாப் மாதந்தோறும் போடவேண்டியதாயும் விலை மிகுந்ததாயும் இருந்தபடியால், குறைமாதக் குழந்தைகள் போன்ற சிலருக்கே கிட்டியது.

“பச்சைக் குழந்தைக்கு ஊசியா?” என்று அஞ்சுவோரை நாம் பரிகசிக்கமாட்டோம். 1966-ல் அமெரிக்காவில் இந்நோய்க்கென்று பரீட்சைக்கு வந்த தடுப்பூசி நேர்மாறான பலனைத் தந்தது. அதைப் பெற்ற குழந்தைகளுக்கே பின்னர் நோய் உக்கிரமாய்க் கண்டு, இரு சிசுக்கள் மாண்டன. அந்த ஊசி குழந்தையின் உடலுக்குத் தவறான பாடத்தைக் கற்பித்துவிட்டது. எதிர்ப்பான் பாடம் எதையும் கற்பிப்பதில்லை. தவணை தீர்ந்ததும் கரைந்து போகிறது. ஸ்பெயின் தேசத்தின் கலீசியா மாகாணத்தார் 2023 செப்டம்பர் முதல், ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்களுக்கும் அப்பருவத்தில் பிறந்தவர்களுக்கும் இதை இலவசமாக வழங்கினர். பெற்றோரில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மருந்து பெற்ற குழந்தைகள் இந்நோயால் ஆஸ்பத்திரியில் சேர நேரும் அபாயம் 82 சதவிகிதம் குறைந்தது.

மெச்சத்தக்க காரியமே. ஆனால் அந்த 97 மரணங்கள் நேர்வது கலீசியாவில் அன்று. அவை நேரும் இடங்களுக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்? 2023-ல் அமெரிக்காவில் ஒரு ஊசியின் விலை சுமார் 495 டாலர். அந்த விலையிலும் சரக்குப் போதாமல், ஆபத்து மிகுந்த குழந்தைகளுக்கு முதலிடம் தரும்படி அக்டோபர் மாதத்தில் அங்குள்ள வைத்தியர்களுக்கு யோசனை கூறப்பட்டது. தனவந்த தேசத்தின் கதி இதுவானால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, அல்லது சிசுக்களுக்கு எதிர்ப்பான், இரண்டிலொன்றை எல்லாத் தேசங்களும் கைக்கொள்ள வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2025 மே மாதத்தில் சிபார்சு செய்தது. தாய்மாருக்குரிய ஊசியை முதலில் மேற்கொள்வதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆயினும் அந்த ஊசி பெறாத தாயின் குழந்தைக்கும், அது பலன் தருமுன்பே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட குழந்தைக்கும் எதிர்ப்பான் வேண்டியிருக்கிறது.

இவ்வகை மருந்துகளுக்கெல்லாம் மூலமான வித்தையை 1975-ல் கேம்பிரிட்ஜில் கண்டவர்கள் கோலர், மில்ஸ்டீன் என்ற விஞ்ஞானிகள். பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிச்சாலை அது. அவ்வித்தைக்குப் பேடண்டு உரிமை பெறப்படவில்லை. பிற்காலத்துக் கம்பெனிகள் உழைப்பும் முதலும் போட்டதை நாம் மறுக்கவில்லை. நியாயமான லாபத்தை எவரும் தடுக்கவுமில்லை. எல்லோருக்கும் பொதுவாயிருந்த விதையிலிருந்து விளைந்த பயிர் சிலருடைய களஞ்சியத்திற்கு மாத்திரம் போவதுதான் நமக்குச் சம்மதமில்லை. வெறிநாய்க்கடிக்கு இதே வகை எதிர்ப்பான் மருந்தைப் புனாவிலுள்ள ஸீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆகையால் இந்தியாவுக்கு இத்தொழில் தெரியாது என்ற சாக்கு செல்லாது. உற்பத்தி உரிமையை உள்நாட்டுக்குப் பெறுவதும், பல சர்க்கார்கள் ஒன்றுகூடி மொத்தமாய்க் கொள்முதல் செய்து விலையைத் தாழ்த்துவதும் உடனே பேசப்படவேண்டிய இரண்டு விஷயங்கள். பார்லிமெண்டிலும் சட்டசபையிலும் அமர்ந்திருக்கும் அங்கத்தினர்களில் எத்தனை பேர் இவற்றைப் பற்றிச் சுகாதார மந்திரிகளை வினவியிருக்கிறார்கள்?